மொரினி 3½ வாங்கப் போகிறவருக்கு

மோட்டோ மொரினி 3½ என்ற பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் எஞ்சினைப் பற்றி முதலில் விசாரிப்பதில்லை. சைடு பேனல் இரண்டும் இருக்கிறதா, மீட்டர் இரண்டும் ஒரே ஜோடியா, சைலன்சர் வண்டியோடு வந்ததுதானா, டேங்க் மூடி அதற்குரியதா என்றுதான் கேட்பேன். எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. உதிரிபாகம் அரிதான வண்டியை இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

பாகங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை எண் சொல்லி வாங்கிவிடலாம். பேரிங்கில் 6204 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்த நாட்டில் செய்தது என்பது பொருட்டே இல்லை. ஆயில் சீலும் அப்படித்தான், மூன்று அளவும் அதன் முகத்திலேயே இருக்கும். செயின், பிளக், டயர், ஓ ரிங், கேபிளின் உள்கம்பி எல்லாம் இந்த வகை. இரண்டாவது வகைக்கு வடிவம் மட்டும்தான் அடையாளம். கிரேங்க் கேஸ், சிலிண்டர் ஹெட், பிஸ்டன், சைடு பேனல், மீட்டரை ஏந்தி நிற்கும் தகடு, சீட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி இதெல்லாம் அந்த வண்டிக்காகவே வார்த்தது, அடித்தது. முதல் வகையில் எத்தனை பழுது இருந்தாலும் பயப்படாதீர்கள். இரண்டாவது வகையில் ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், மூன்று நான்கு குறைந்தால் வேறு வண்டி பாருங்கள்.

இந்த வண்டியின் பாகம் ஏன் அரிதானது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, தேடும் திசை அதில்தான் இருக்கிறது. அல்ஃபோன்சோ மொரினி 1937-இல் பொலோன்யாவில் தொடங்கிய கம்பெனி இது. அவர் 1969-இல் இறந்த பிறகு மகள் கபிரியெல்லா பொறுப்பேற்றார். ஃபிராங்கோ லம்பெர்தினி என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த 3½ வண்டி 1973-இல் விற்பனைக்கு வந்தது. 1987-இல் கம்பெனி கஜீவா என்ற இன்னொரு இத்தாலிய மோட்டார் சைக்கிள் கம்பெனியின் கைக்குப் போனது, பின்னால் இன்னும் சில கைகள் மாறியது. இன்று அதே பெயரில் புது வண்டிகள் வருகின்றன, அதன் உரிமை 2018 முதல் ஒரு சீன நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த ஷோரூமில் போய் 1975-ஆம் வருட வண்டிக்கு கிளட்ச் பிளேட் கேட்டால் கிடைக்காது. பழைய மொரினிக்கென்றே இருக்கும் தனிக் கடைகளும், சிறிய அளவில் பாகம் செய்து விற்பவர்களும், பழைய ஸ்டாக்கை வைத்திருப்பவர்களும்தான் நமக்குக் கதி.

வண்டியின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு எஞ்சின்தான் காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். 344 சி.சி., 72 டிகிரியில் விரிந்த இரண்டு சிலிண்டர், போர் எனப்படும் சிலிண்டரின் உள்விட்டம் 62 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் எனப்படும் பிஸ்டன் போய்வரும் தூரம் 57. ஆறு கியர். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதைச் சுழற்றுவது பல் வைத்த பெல்ட். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். எரிபொருள் எரிவதற்கான குழி ஹெட்டில் கிடையாது, பிஸ்டனின் தலையில் இருக்கும். இதை ஹெரான் ஹெட் என்பார்கள். செய்வதற்கு எளிது, நன்றாகவும் எரிகிறது. ஒரு சின்னத் தொழிற்சாலையால் இவ்வளவு நேர்த்தியான எஞ்சினை அளவான செலவில் செய்ய முடிந்ததற்கு லம்பெர்தினியின் இந்த யோசனை பெரிய காரணம்.

வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 62 மில்லிமீட்டர் பிஸ்டன் என்று யார் எதை நீட்டினாலும் இந்த எஞ்சினுக்கு ஆகாது. குழி சரியான ஆழத்தில், சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஒரு கடையிலிருந்து எனக்கு வந்த பெட்டியின் மேல் மொரினிக்குப் பொருந்தும் என்று எழுதியிருந்தது, திறந்து பார்த்தால் தலை தட்டையான பிஸ்டன். தட்டை ஹெட்டும் தட்டை பிஸ்டனும் சந்தித்தால் எரிவதற்கு இடமே இருக்காது. அதனால் பிஸ்டன் வாங்கும்போது மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் கேளுங்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு சேர்க்கும் பின்னின் விட்டம், அந்தப் பின்னின் நடுவிலிருந்து தலை வரை உள்ள உயரம், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கப் போர் எடுப்பதாக இருந்தால் பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் சிலிண்டரை லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்.

நேரில் பார்க்கும்போது

எஞ்சின் சூடாக இருக்கக் கூடாது. நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள்.

கிக்கர் இடது பக்கம் இருக்கும். பழைய மாடல்களில் கியர் வலது காலில் இருக்கும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே காலைப் பழக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பீர்கள்.

பேட்டரி போய்விட்டது, அதனால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சிலர் சொல்வார்கள். இந்த வண்டியில் அந்தச் சமாதானத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இதன் இக்னிஷன், அதாவது பிளக்கில் பொறி தரும் மின் அமைப்பு, டுகாட்டி எலெத்ரோனிகா என்ற கம்பெனி செய்தது, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி இல்லாமலே கிக்கரில் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, பெட்ரோல் காக். சாவி போட்டதும் தானாகத் திறக்கும் மின் காக் சில வண்டிகளில் இருக்கிறது. பேட்டரி இல்லாவிட்டால் அது திறக்காது, கார்புரேட்டருக்குப் பெட்ரோலும் வராது. அதனால் முதலில் காக் எந்த வகை என்று பாருங்கள். பலர் அதைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பும் சாதாரண காக் போட்டிருப்பார்கள், அது நல்ல மாற்றம்தான். பெட்ரோல் வருகிறது, அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பழுது வேறு எங்கோ இருக்கிறது.

எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் இருக்கும் மாடல் என்றால் அது வேலை செய்வதை ஒரு கூடுதல் வசதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் பலவீனமான பாகம் அது. கிக்கரில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால் போதும்.

ஓடத் தொடங்கியதும் கிளட்ச் பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வரும். பயப்பட வேண்டாம், ஆயிலில் முங்காத டிரை கிளட்ச் அப்படித்தான் பேசும். லீவரைப் பிடித்தால் சத்தம் மாறும், விட்டால் திரும்பவும் மாறும். கவலைப்பட வேண்டிய சத்தம் வேறு. எஞ்சின் சூடானதும் கொஞ்சம் திராட்டில் திறந்து பிடித்தால் கீழிருந்து ஆழமாக ஒரு டொக் டொக் கேட்கும். பிஸ்டனைக் கிரேங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில், இரண்டு பாதி வளையமாக இருக்கும் ஷெல் பேரிங் தேய்ந்திருந்தால் வரும் சத்தம் அது. சரிசெய்ய முடியாதது இல்லை. ஆனால் எஞ்சினைக் கீழே இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அலுமினியத்தில் உள்ள மரைகளைப் பாருங்கள். சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடம், ஆயில் வடிக்கும் போல்ட், மூடிகளின் ஸ்குரூக்கள், பிளக் துவாரம். பசை பூசிய தடயம், பெரிய சைஸ் போல்ட், ஓரம் தேய்ந்த ஆலன் தலை இதில் எதைக் கண்டாலும் முன்பு வேலை பார்த்தவர் அவசரக்காரர் என்று அர்த்தம். வெளியில் இருக்கும் ஸ்குரூவையே அப்படி நடத்தியவர் உள்ளே எப்படி நடந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராடா, ஸ்போர்ட் என்று இரண்டு மாடல். ஸ்போர்ட்டில் கம்ப்ரஷன் அதிகம், மதிப்பும் அதிகம். அதனால் ஸ்ட்ராடாவுக்கு ஸ்போர்ட் வேடம் போட்டு விற்பது உண்டு. டேங்கையும் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாற்றிவிடலாம், எஞ்சின் எண்ணை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. அந்த மாடலுக்கு எந்த எண் வரிசை என்று பழைய மொரினி கிளப்புகளில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இத்தாலியில் இருந்தே வாங்குவதாக இருந்தால் பத்திர விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். லிப்ரெத்தோ என்ற வண்டிப் பத்திரமும் பழைய நம்பர் பிளேட்டும் சேர்ந்து இருந்தால் நல்லது. பத்திரத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் ஹேண்டில்பார் கழுத்தில் பொறித்த எண்ணையும் நீங்களே ஒப்பிடுங்கள், படத்தை நம்ப வேண்டாம். அங்கே வாகன உரிமைப் பதிவேட்டின் பெயர் பி.ஆர்.ஏ. ஏற்றுமதிக்காக அதிலிருந்து முறையாக நீக்கிய சான்று இருந்தால்தான் வேறு நாட்டில் பதிவு செய்வது சுலபம். ரதியாத்தா என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பதிவேட்டிலிருந்து ஏற்கனவே நீக்கப்பட்ட வண்டி என்று பொருள். ஏன் நீக்கினார்கள் என்பதற்குக் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லை என்றால் எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

பாகம் தேடுவது

வண்டி வீடு வந்து சேர்வதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியது உதிரிபாகக் கேட்டலாக். சர்வீஸ் மேனுவலை விட இதைத்தான் நான் அதிகம் புரட்டுகிறேன். ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் போட்டு வரைந்த படம், பக்கத்தில் பாக எண். விற்பவரிடம் பெயர் சொல்லிக் கேட்காமல் எண் சொல்லிக் கேளுங்கள். பெயரில் குழப்பம் வரும், எண்ணில் வராது.

லம்பெர்தினி இந்த எஞ்சினை ஒரு குடும்பமாகத்தான் யோசித்தார். அதே அடிப்படையில் 500 வந்தது, 125, 250 ஒற்றை சிலிண்டர் வண்டிகள் வந்தன, கேமல், காங்குரோ என்ற மண்பாதை வண்டிகளும் வந்தன. 500-இன் போர் 69, ஸ்ட்ரோக் 64. ஒற்றை சிலிண்டர் 250-க்கும் அதே அளவுதான், பாதி 500 என்று வைத்துக்கொள்ளலாம். இதனால் நமக்கு என்ன லாபம் என்றால், 3½ என்று தேடும்போது கிடைக்காத சின்னப் பாகம் காங்குரோவின் பெயரில் மலிவாகக் கிடைக்கலாம். இரண்டு கேட்டலாக்கையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடுங்கள். எண் ஒன்றானால் பாகமும் ஒன்று.

எஞ்சினுக்கு வெளியே இன்னும் வசதி. அந்தக் காலத்து இத்தாலிய கம்பெனிகள் பல பாகங்களை ஒரே இடத்தில் வாங்கின. பிரேக்கும் ஹப்பும் கிரிமெக்கா, ஃபோர்க் மார்சோக்கி, மீட்டர் வெலியா, விளக்கு சி.இ.வி., கார்புரேட்டர் டெல்லோர்த்தோ. இதே பெயர்களை அந்தக் காலத்து டுகாட்டியிலும் பெனெல்லியிலும் லவெர்தாவிலும் பார்க்கலாம். ஆகவே பிரேக் ஷூ வேண்டும் என்றால் மொரினி பிரேக் ஷூ என்று தேடாதீர்கள். டிரம்மின் விட்டத்தையும் ஷூவின் அகலத்தையும் அளந்து கிரிமெக்கா என்று தேடுங்கள், வாசல் அகலமாகத் திறக்கும். ஷூ கிடைக்கவே இல்லை என்றாலும் பழைய ஷூவில் புது லைனிங் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள், பழைய ஷூவைத் தூக்கிப் போடாதீர்கள்.

இத்தாலியில் மோஸ்த்ரா ஸ்காம்பியோ என்று பழைய உதிரிபாகச் சந்தை கூடும். இமோலாவில் கார்ப் பந்தயத் தடத்திலேயே நடப்பது பெரிய சந்தைகளில் ஒன்று, மிலான் பக்கத்தில் நொவெக்ரோவிலும் நடக்கிறது. போனால் வெர்னியர் காலிப்பரும் கேட்டலாக்கின் பிரதியும் பையில் இருக்கட்டும். இணையத்தில் தேடினால் இத்தாலியச் சொல்லிலேயே தேடுங்கள். கிளட்சுக்கு ஃப்ரிட்சியோனே, கியர் பெட்டிக்கு காம்பியோ, சைலன்சருக்கு மார்மித்தா, டேங்குக்கு செர்பதோயோ, பெல்ட்டுக்கு சிங்கியா. கிராமத்துக் கொட்டகையில் கிடப்பதை விற்கிற பெரியவர் இங்கிலீஷில் விளம்பரம் போட மாட்டார்.

முன்கூட்டியே எதை வாங்கி வைப்பது? என் அலமாரியில் இருப்பவை: கேம் பெல்ட், கேஸ்கட் செட் ஒன்று, கிளட்ச் பிளேட் செட், ஷெல் பேரிங் செட், இக்னிஷன் பெட்டி ஒன்று, பிஸ்டன் ஜோடி. ரப்பரை அதிகமாகச் சேர்க்க வேண்டாம், அலமாரியில் இருந்தாலும் அதற்கு வயதாகும். கேஸ்கட்டில் பல, கேஸ்கட் பேப்பர் வாங்கி நாமே வெட்டிக்கொள்ளக்கூடியவை. ஹெட் கேஸ்கட் அப்படி இல்லை, அது கிடைக்கும்போது இரண்டாக வாங்குங்கள்.

பராமரிப்பு

வண்டி வந்ததும் முதல் வேலை கேம் பெல்ட். எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டரும் கணக்கு, வருடமும் கணக்கு. ஓடாமல் நின்ற வண்டியின் பெல்ட் பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும், அதை நம்பக் கூடாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. இரண்டுமே வடிவத்தால் தேட வேண்டிய பாகங்கள்.

பெல்ட் மூடியைக் கழற்றியதும் எதையும் தொடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல வண்டியில் உள்ளே மெல்லிய கறுப்புத் தூசி படிந்திருக்கும், அவ்வளவுதான். அது கிளட்ச் பிளேட் தேய்ந்த தூசி. தூசி பசையாகி, விரலில் ஒட்டி, மூடியின் அடியில் ஆயில் தேங்கி நின்றால் எங்கோ ஒரு சீல் போய்விட்டது. கிளட்ச் வழுக்குகிறது என்று புதுப் பிளேட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்தச் சீலை மாற்றுங்கள். பழைய பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தால் பல சமயம் திரும்பவும் பிடிக்கும். ஆயில் பட்ட பெல்ட்டை மட்டும் கழுவி மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பெல்ட் மாற்றும்போது பிளக் இரண்டையும் கழற்றிவிட்டால் கிரேங்க் கையாலேயே சுழலும். குறிகள் நேராக வரும்படி வைத்து, பெயின்ட் பேனாவால் உங்கள் குறியையும் போட்டு, ஒரு படம் எடுத்துவிட்டுப் பழையதை உருவுங்கள். புதியதை மடிக்கவோ முறுக்கவோ வேண்டாம். மாட்டியதும் கிரேங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்ப நேராக வருகின்றனவா என்று பாருங்கள். எங்காவது முட்டினால் அழுத்தாதீர்கள், பின்னால் திருப்பி மறுபடி குறியைப் பாருங்கள்.

ஷெல் பேரிங் இருப்பதால் ஆயில்தான் இந்த எஞ்சினின் ஆயுள். மேனுவலில் சொன்னதை விடச் சீக்கிரமே மாற்றுகிறேன். சூடாக இருக்கும்போது வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்ப்பேன். நுண்ணிய சாம்பல் நிறப் பொடி சாதாரணம். மினுமினுக்கும் செதில்கள் வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும், வீட்டுக்கு ஓட்டிப் போய்ப் பார்க்கலாம் என்றுகூட நினைக்கக் கூடாது. கிரேங்கைத் தீட்டிச் சற்றுத் தடித்த ஷெல் போடுவதற்கு ஒரு வரம்பு உண்டு, அந்த வரம்பைச் செலவழிக்காமல் வைத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை என்றால் உடனே புது இக்னிஷன் பெட்டி தேட வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பழுது அடுத்த சிலிண்டருக்குப் போனால் குற்றவாளி பெட்டி. அதே சிலிண்டரில் நின்றால் பிளக், பிளக் மூடி, வயர், பொறிக்கு நேரம் சொல்லும் சின்னச் சுருளான, கீழே இருக்கும் பிக்கப் என்று வரிசையாகப் பாருங்கள். அதற்கும் முன்னால் எல்லா இணைப்புகளையும் ஒரு முறை கழற்றி, பச்சை பிடித்ததைச் சுரண்டி மாட்டுங்கள். எர்த் வயரை மறக்க வேண்டாம். பழைய இத்தாலிய வயரிங் கெட்டது என்று பேர் வாங்கியதில் பாதி துருப்பிடித்த இணைப்புகளின் வேலை. ஃப்யூஸ் பெட்டியில் தகடு சுற்றிய பழைய வகை ஃப்யூஸ் இருந்தால் கத்தி வகைக்கு மாற்றிவிடுங்கள், பழைய பெட்டியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கார்புரேட்டர் டெல்லோர்த்தோ வி.எச்.பி. 25, இரண்டு. இதில் சந்தோஷமான செய்தி, அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது, ஜெட்டும் ஊசியும் கிடைக்கின்றன. ஜெட்டின் எண் துளையின் அளவு, நூறின் பங்காக: 105 என்றால் 1.05 மில்லிமீட்டர். துளையைக் கம்பி விட்டுக் குத்தினால் அந்த எண் பொய்யாகிவிடும், காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். திராட்டிலை விட்டதும் எஞ்சின் மெதுவாக ஓடும் வேகம், அதாவது ஐடில், எவ்வளவு திருகினாலும் சீராக நிற்கவில்லை என்றால் சதுர ஸ்லைடை விரலால் ஆட்டிப் பாருங்கள், தேய்ந்த ஸ்லைடு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். இன்டேக் ரப்பரும் வெடித்திருக்கலாம். வால்வு இடைவெளியான டாப்பெட்டை ஆறிய எஞ்சினில் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும், வரிசை மாறினால் இரண்டு முறை வேலை.

அலுமினியத்தில் போகும் எந்த ஸ்குரூவையும் முதலில் விரலால் சில சுற்றுப் போடுங்கள். ஸ்பேனர் அதற்குப் பிறகு. இறுக்குவதற்கு, எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். மரை போய்விட்டால் பெரிய போல்ட் தேடாமல் நல்ல லேத்தில் கொடுத்துக் கம்பிச் சுருள் மரை போடச் சொல்லுங்கள், பழையதை விட உறுதியாக இருக்கும்.

சில மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணம் இரண்டையும் காலி செய்யுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் உள்ளே நின்றால் பச்சையாக உப்பு பூத்துவிடும், பழைய ரப்பர்க் குழாயையும் ஊதவைக்கும். பழைய ஆயிலோடு நிறுத்தாதீர்கள், மாற்றிவிட்டு நிறுத்துங்கள். திரும்ப எடுக்கும்போது பிளக்கைக் கழற்றி, பெட்ரோலைத் திறக்காமல், ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு மெதுவாகக் கிக்கரை மிதித்து ஆயிலை மேலே ஏற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி, பெட்ரோலைத் திறந்து, கார்புரேட்டருக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள். கசிவு இருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே காகிதத்தில் தெரிந்துவிடும்.